போர் விமானம், டாங்கி, கப்பல்: அளவு மாதிரி கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

கிட், அதாவது மாதிரியின் பாகங்கள் அடங்கிய தொகுப்பு, வரும் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாளை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அப்படியே பின்பற்றினால் பாகங்கள் அனைத்தும் உரிய இடத்தில் சேர்ந்துவிடும். ஆனால் அந்தத் தாள் ஒட்டும் வரிசையை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகத்துக்கு எப்போது வண்ணம் பூசுவது, எதை ஒட்டிவிட்டால் எதன் பின்புறத்துக்குத் தூரிகை எட்டாமல் போகும், எந்த இணைப்பை எந்தக் கட்டத்தில் தேய்த்து மறைப்பது என்பவற்றைக் கட்டுபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாதிரி நன்றாக அமைவதற்குக் கைத்திறனை விட இந்த வரிசையை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. விமானம், டாங்கி, கப்பல் ஆகிய மூன்றுக்கும் அந்த வரிசை மூன்று விதமாக மாறுவதால், பொதுவான படிகளோடு அந்த வேறுபாடுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த அளவு, எந்த ஊர்தி

1:72 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், உண்மையான ஊர்தியின் 6 அடி நீளம் மாதிரியில் 1 அங்குலமாகச் சுருங்குகிறது என்று பொருள். விமானங்களுக்கு 1:72, 1:48, 1:32 ஆகியவையும், டாங்கிகளுக்கு 1:35, 1:48, 1:72 ஆகியவையும், கப்பல்களுக்கு 1:700, 1:350 ஆகியவையும் வழக்கத்தில் உள்ள அளவுகள். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிலைபெற்றவை. பிரிட்டனில் 1936இல் வெளிவந்த ஃபிராக் பெங்குவின் மாதிரி விமானங்கள் 1:72 அளவுக்குப் பிளாஸ்டிக்கில் இடம் தேடித் தந்தன. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் பொருத்திய பாந்தர் டாங்கியை வடிவமைத்தபோது, பேட்டரிகள் உள்ளே அடங்கும்படி உடலின் அகலத்தை அமைத்தது. அப்படி அமைந்த உடல் ஏறத்தாழ 1:35 அளவில் இருந்தது, பின்னர் அதுவே டாங்கிகளின் அளவாக நிலைத்துவிட்டது. 1:700 அளவு பரவியதற்கு, ஷிஸுவோகா நகரைச் சேர்ந்த நான்கு நிறுவனங்கள் கூடி 1971இல் தொடங்கிய வாட்டர்லைன் என்ற கப்பல் மாதிரி வரிசை காரணம்.

வாங்குவதற்கு முன் உண்மையான நீளத்தை விகிதத்தால் வகுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், அது 1:72இல் 15.6 சென்டிமீட்டராகவும் 1:48இல் 23.4 சென்டிமீட்டராகவும் வரும். யமாட்டோ போர்க்கப்பலின் நீளம் 263 மீட்டர், 1:700இல் 37.6 சென்டிமீட்டராக அலமாரியில் அடங்கிவிடும் அதே கப்பல், 1:350இல் 75 சென்டிமீட்டர் இடம் கேட்கும். முதல் முறை கட்டுபவருக்கு நான் பரிந்துரைப்பது, 1:48 அளவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஒற்றை எஞ்சின் போர் விமானம், அல்லது 1:35 அளவில் டி-34 டாங்கி. டி-34இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்களே உள்ளன. டைகர் டாங்கியிலோ எட்டு அச்சுகளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, ஓரத்தில் ரப்பர் நிறம் தீட்டி, வரிசை பிசகாமல் மாட்ட வேண்டும். கப்பலை மூன்றாவது அல்லது நான்காவது மாதிரியாக எடுத்துக்கொள்வதே நல்லது. அதன் பாகங்கள் சிறியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை, தவறு நேர்ந்தால் திருத்த இடம் தராதவை.

கத்தியை எடுக்கும் முன் ஒரு தேதியை முடிவு செய்யுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். கட்டி முடித்த பிறகுதான் அதன் விலை தெரிகிறது. "ஒரு டைகர் டாங்கி" என்று பொதுவாகக் கட்டாமல், இன்ன படைப்பிரிவில், இன்ன ஆண்டில், இன்ன போர்முனையில் இருந்த ஒரு டைகர் என்று குறித்துக்கொண்டால், வண்ணம், குறியீடுகள், சக்கர வகை, தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து விடை கிடைக்கும். ஜெர்மன் டாங்கிகள் 1943 பிப்ரவரியில்தான் கருஞ்சாம்பலிலிருந்து அடர்மஞ்சளை அடிப்படை நிறமாகக் கொள்ளத் தொடங்கின. எனவே 1941இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த டாங்கிக்கு அந்த மஞ்சளைப் பூசினால் அது காலப்பிழை. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க அவற்றின் மேல் பூசிய ஜிம்மரிட் என்ற வரிவரியான பூச்சு, 1943இன் பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை மட்டுமே தொழிற்சாலைகளில் பூசப்பட்டது.

விமானத்திலும் இதே கவனம் தேவை. நார்மண்டி தரையிறக்கத்துக்காக நேச நாட்டு விமானங்களில் தீட்டிய மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள், 1944 ஜூன் 6க்கு ஓரிரு நாள் முன்னர் தரைப்பணியாளர்கள் அவசரமாகத் தூரிகையால் பூசியவை. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம். அந்தப் பட்டைகளின் ஓரம் மாதிரியில் சற்றே கோணலாக இருப்பது உண்மைக்கு நெருக்கமானது. பி-51டி மஸ்டாங்கின் இறக்கையில் காற்று தடையின்றி வழுக்கிச் செல்வதற்காக, தொழிற்சாலையிலேயே தகட்டு இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் புட்டியால் நிரப்பித் தேய்த்து, மேலே வெள்ளி நிற வண்ணம் அடித்தார்கள். ஆனால் பல கிட்களில் அந்த இறக்கை முழுவதும் கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும்; அவற்றை நிரப்பிவிடுவதே சரி. ஜப்பானியக் கடற்படையின் குரூசர்களிலும் டிஸ்ட்ராயர்களிலும் மேல்தளத்தில் பழுப்பு நிற லினோலியம் விரித்து, பித்தளைப் பட்டிகளால் பிடித்திருந்தார்கள். போர்க்கப்பல்களுக்குரிய மரத்தளத்தின் நிறத்தை அங்கே பூசக் கூடாது.

கருவிகள்

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்: ஒருபுறம் தட்டையான வாயுள்ள கூர்மையான நிப்பர், அலகு மாற்றக்கூடிய மெல்லிய கத்தி, வெட்டும்போது மேசையைக் காக்கும் பாய், நுனி நேரானதும் வளைந்ததுமாக இரண்டு சாமணங்கள், 400 முதல் 2000 வரையிலான உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப், நல்ல தூரிகைகள் மூன்று நான்கு. காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். மேசை விளக்குக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

பிரித்தல், கழுவுதல், பசையின்றிப் பொருத்திப் பார்த்தல்

பாகங்கள் வார்க்கப்பட்ட அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை அவற்றின் மேல் தங்கியிருக்கலாம்; அது இருந்தால் வண்ணம் சரியாகப் பிடிக்காது. ஸ்ப்ரூ எனப்படும் சட்டத்தோடு சேர்த்தே, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு அலசி உலர விடுங்கள். ரெசின் எனப்படும் பிசினில் வார்த்த பாகங்களுக்கு இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

பாகத்தைச் சட்டத்திலிருந்து இரண்டு வெட்டில் பிரிக்க வேண்டும். முதல் வெட்டு பாகத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி. இரண்டாவது வெட்டு நெருக்கமாக, ஆனால் ஒரு மயிரிழை விட்டு. எஞ்சிய துணுக்கைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் நீக்குங்கள். ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காமல் வெளுத்துப்போகும், சில நேரம் பாகத்தின் விளிம்பே பிய்ந்துவரும். அச்சின் இரு பாதிகள் சந்தித்த மெல்லிய கோடு ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் சுற்றி ஓடும். கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டினால் அது போய்விடும்.

பிறகு பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். இறக்கையை உடலோடு சேர்த்து மாஸ்கிங் டேப்பால் கட்டி, முன்னாலிருந்து நோக்கி, இரு இறக்கைகளும் ஒரே அளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். எங்கே இடைவெளி விழுகிறது, எந்த முளை தடிமனாக இருக்கிறது என்பது இப்போதே தெரிந்துவிட்டால் உப்புத்தாளின் இரண்டு தேய்ப்பில் முடியும் வேலை, ஒட்டிய பிறகு தெரிந்தால் ஒரு மாலை முழுவதும் புட்டி நிரப்பும் வேலையாக வளர்ந்துவிடும்.

ஒட்டுதல்

பெரும்பாலான கிட்கள் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதற்கான சிமென்ட், இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. உலர்ந்ததும் இரு பாகங்களும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகின்றன. நீர்போல் மெல்லிய சிமென்ட்டைப் பயன்படுத்தும்போது, பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பைத் தொட வேண்டும். திரவம் இடுக்கின் வழியே தானாகவே ஓடிப் பரவும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடி ரேகையைப் பிளாஸ்டிக்கில் பதித்துவிடும் என்பதால், பிடிக்கும் இடத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியவுடன் லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரும். அது நல்ல அறிகுறி. இறுகிய பின் அதைத் தேய்த்தால் புட்டியே இல்லாமல் இணைப்பு மறையும்.

ரெசின், பித்தளை போன்றவற்றைச் சிமென்ட் கரைக்காது. அவற்றுக்குச் சூப்பர் குளூ வேண்டும். ஆனால் கண்ணாடிப் பாகங்களின் அருகில் சூப்பர் குளூவைக் கொண்டு செல்லாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி பனி பிடித்ததுபோல் மங்கிவிடும். நான் கட்டிய ஒரு விமானத்தில், பல நாள் உழைத்து வண்ணம் தீட்டிய விமானி அறை இப்படித்தான் வெளியே தெரியாமல் போனது. கண்ணாடிக்கு, உலர்ந்ததும் நிறமற்றுப்போகும் வெள்ளைப் பசையே பாதுகாப்பானது.

இணைப்புக் கோட்டை மறைத்தல்

இந்தப் படிக்கு மட்டும் நேரக் கணக்குப் பார்க்காதீர்கள். சிமென்ட் கரைத்த பிளாஸ்டிக் உலரும்போது சுருங்குகிறது. சில மணி நேரத்திலேயே தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால், சில நாள் கழித்து, வண்ணம் பூசிய பிறகு, அதே இடத்தில் மெல்லிய பள்ளமாகக் கோடு திரும்பி வரும். குறைந்தது ஒரு நாள் காத்திருங்கள். புட்டி நிரப்பியிருந்தால் அதற்கும் அதே அளவு நேரம் கொடுங்கள். 400இல் தொடங்கி, 600, 1000 என்று உயர்த்தி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். நனைத்துத் தேய்ப்பதால் தூள் காற்றில் பறக்காது. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதைத் தேய்க்கும்போது முகக்கவசமும் அணிய வேண்டும்.

தேய்த்த இடத்தில் வெள்ளி நிற வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய கீறலும் பள்ளமும் அதில் உடனே தெரியும். தேய்த்ததில் அழிந்துபோன தகட்டுக் கோடுகளைச் செதுக்கூசியால் மீண்டும் கீறிவிடுங்கள்.

எல்லாச் சொரசொரப்பும் பிழையல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வார்ப்பு எஃகுக் கோபுரம் கொண்ட டி-34, ஷெர்மன் போன்ற டாங்கிகளில் மேற்பரப்பு இயல்பாகவே சொரசொரப்பானது. வழவழவென்று தேய்த்துவிட்டால், சிமென்ட் தடவி இளகிய பரப்பைக் கட்டைத் தூரிகையால் குத்தி அந்தச் சொரசொரப்பை மீட்க வேண்டும். பீரங்கிக் குழாயோ இதற்கு நேர்மாறு. இரண்டு பாதியாக வரும் குழாயைத் தட்டையாகத் தேய்க்காமல், சுழற்றிச் சுழற்றித் தேய்த்தால்தான் உருண்டை வடிவம் கெடாது.

மூன்று ஊர்தி, மூன்று வரிசை

விமானத்தில் மூடப்போகும் இடம் முதலில் வருகிறது. விமானி அறை, சக்கரக் குழிகள், எஞ்சின் ஆகியவற்றைக் கட்டி, வண்ணம் தீட்டி முடித்த பிறகே உடலின் இரு பாதிகளையும் சேர்க்க முடியும். மூக்கின் கீழ் சக்கரம் கொண்ட பி-38, மெஸ்ஸர்ஷ்மிட் மெ-262 போன்றவற்றை மூடுவதற்கு முன் மூக்கினுள் எடை வைத்து ஒட்டியாக வேண்டும். மறந்தால் முடிந்த விமானம் வாலில் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு எடை என்பதை, உடலை டேப்பால் சேர்த்து, பின்சக்கரங்களின் இடத்தில் தாங்கி நிறுத்திச் சோதித்து அறியலாம். அடுத்து இறக்கைகள், பிறகு இணைப்புகளைத் தேய்த்தல், அதன் பிறகு, வண்ணம் படாதபடி மாஸ்கிங் டேப்பால் மறைத்த கண்ணாடி மூடி. சக்கரங்கள், உந்துவிசிறி, ஆன்டெனா, குண்டுகள் ஆகியவற்றைத் தனியே வண்ணம் பூசிக் கடைசியில்தான் பொருத்த வேண்டும்.

டாங்கியில் மூடப்போகும் உள்பகுதி பெரும்பாலும் இல்லை. ஆனால் சங்கிலிப்பட்டைக்குப் பின்னால் இருக்கும் சக்கரங்களும் உடலின் கீழ்ப்பகுதியும் எட்டாத இடங்களாகிவிடும். அதனால் சக்கரங்களைத் தனியாகப் பூசி, கீழ் உடலுக்கு வண்ணமும் புழுதியும் கொடுத்த பிறகு பட்டையை மாட்டுங்கள். சக்கரத் தாங்கிகளை ஒட்டும்போது உடலைச் சமதளத்தில் வைத்து, எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொடும் வரை பசை இறுகவிடாமல் சரிசெய்யுங்கள். பட்டை எடையுள்ள எஃகு என்பதை மாதிரி காட்ட வேண்டும். மேலே தாங்கும் உருளைகள் இல்லாத டி-34, டைகர் போன்றவற்றில் மேற்பட்டை தொய்ந்து சக்கரங்களின் மேல் படிந்து கிடக்கும். விறைப்பாக நிற்கும் மேற்பட்டை அந்த டாங்கியின் தோற்றத்தையே கெடுத்துவிடும். கிட்டில் வரும் வினைல் பட்டையைத் தொய்வாக வைப்பது கடினம், ஆகவே கண்ணிகளாகப் பிரிந்து வரும் பட்டையையே நான் விரும்புகிறேன். சில வினைல் பட்டைகள் ஆண்டுக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கவும் செய்கின்றன.

கப்பலை ஒரே பொருளாகக் கட்டி முடித்து வண்ணம் பூச நினைத்தால் முடியாது. உடல், மேல்தளம், ஒவ்வொரு அடுக்கான மேற்கட்டுமானம், புகைபோக்கி, கோபுரங்கள், படகுகள் என்று தனித்தனி அலகுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பல்குத்தும் குச்சியின் நுனியில் தற்காலிகமாக நிறுத்தி வண்ணம் பூசி, பிறகு சேர்க்க வேண்டும். மேல்தளத்தின் நிறத்தை முதலில் அடித்து, அதை டேப்பால் மறைத்துவிட்டுச் சுவர்களின் சாம்பலை அடித்தால், இரண்டும் சந்திக்கும் கோடு துல்லியமாக அமையும். நீர்மட்டக் கோட்டை வரைய, பென்சிலை ஒரு கட்டையில் உரிய உயரத்தில் கட்டி, சமதளத்தில் நிற்கும் கப்பலைச் சுற்றி நகர்த்துவதே நம்பகமான வழி.

போட்டோ எட்ச் எனப்படும் மெல்லிய பித்தளைத் தகட்டு வேலிகளைத் தகட்டில் இருக்கும்போதே பூசி, வெட்டி, வளைத்து, சூப்பர் குளூவை ஊசிமுனையில் தொட்டு ஒட்டுங்கள். கொடிமரக் கயிறுகள் அனைத்துக்கும் கடைசியில் வருபவை; அவற்றை நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கட்டிக்கொண்டு வந்தால் கை மோதாது. 1:700இல் 0.1 மில்லிமீட்டர் நூல்கூட உண்மையில் 7 சென்டிமீட்டர் தடித்த கயிறாகிவிடும் என்பதால், மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே ஸ்ப்ரூ துண்டை இளக்கி இழுத்துப் பெறும் மயிரிழை பலமுறை நூலை விடப் பொருத்தமாக அமைகிறது.

வண்ணம் பூசுதல்

பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு ஒரு படலம் கட்டாயம். அது வண்ணத்துக்குப் பிடிமானம் தருவதோடு, எஞ்சிய பிழைகளையும் காட்டிக்கொடுக்கும். ஏர்பிரஷ் பயன்படுத்துபவர்கள் வண்ணத்தைப் பால் பதத்துக்குத் தின்னர் கலந்து, சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தத்தில், மெல்லிய படலங்களாக அடிக்க வேண்டும். முதல் படலத்திலேயே நிறம் முழுமையாக மூட வேண்டும் என்று எண்ணினால் வண்ணம் தேங்கி நுண்ணிய விவரங்களை மூடிவிடும். லாக்கர், எனாமல் வகை வண்ணங்களை அடிக்கும்போது காற்றோட்டமும் ஆவி வடிகட்டும் முகக்கவசமும் இன்றியமையாதவை. தூரிகையால் பூசுபவர்களும் அதே பதத்தில் இரண்டு மூன்று படலங்களாக, ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்த பின், ஒரே திசையில் இழுத்துப் பூசினால் கோடு விழாது.

வெளிர்நிறத்தை முதலிலும் அடர்நிறத்தைப் பின்னரும் பூசுவது பொது விதி. உண்மையான வண்ணச் சீட்டோடு மிகச் சரியாகப் பொருந்தும் நிறம், சிறிய மாதிரியில் கண்ணுக்கு இருண்டு தெரியும். எனவே சிறிது வெள்ளையோ வெளிர்சாம்பலோ கலந்து தணிப்பது நல்லது. கப்பலில் இந்தத் தணிப்பு இன்னும் கூடுதலாகத் தேவை.

டெக்கால் ஒட்டுதல்

மங்கலான வண்ணப்பரப்பு நுண்ணளவில் கரடுமுரடானது. அதன் மேல் டெக்காலை, அதாவது குறியீடுகள் அச்சிட்ட மெல்லிய படலத்தை, ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, ஒளியில் வெள்ளியாக மினுங்கும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து முழுமையாக உலர விடுங்கள். டெக்காலை நீரில் சில நொடிகள் நனைத்து, தாளிலிருந்து தானாக நகரும் வரை காத்திருந்து, வழுக்கி இடத்தில் வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரை ஒற்றி எடுத்த பிறகு, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தடவினால் அது கோடுகளுக்குள் அமிழ்ந்து படியும். அப்போது சுருங்கி அசிங்கமாகத் தோன்றும். தொடாமல் விட்டால் உலரும்போது தானே இழுத்துக்கொள்ளும்.

நிழலும் தேய்மானமும்

எண்ணெய் அல்லது எனாமல் வண்ணத்தை மிகவும் நீர்க்கக் கரைத்துக் கோடுகளில் ஓடவிட்டு, அரைமணி நேரம் கழித்து எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் மிகுந்ததைத் துடைத்தால் ஆழம் தெரியும். அடியில் இருப்பது அக்ரிலிக் அல்லது லாக்கர் வார்னிஷாக இருந்தால்தான் இந்தத் தின்னர் அதைக் கரைக்காது. எனாமலின் மேல் எனாமலைத் துடைத்தால் அடிவண்ணமும் சேர்ந்து வரும். துடைக்கும் திசை முக்கியமானது: விமானத்தில் முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையில், டாங்கியிலும் கப்பலிலும் மேலிருந்து கீழாக, மழை வழியும் திசையில்.

வண்ணம் உதிர்ந்த புள்ளிகளை இடும்போது விகிதத்தை மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். 1:72 விமானத்தில் 1 மில்லிமீட்டர் புள்ளி, உண்மையில் 7 சென்டிமீட்டருக்கு மேல் பெயர்ந்த வண்ணம். 1:350 கப்பலில் அதே புள்ளி 35 சென்டிமீட்டர். விமானத்தில் விமானி ஏறி இறங்கும் இறக்கையடி, எஞ்சின் மூடியின் விளிம்புகள் ஆகியவற்றில் மட்டும் உதிர்வு போதும். டாங்கியில் புழுதி கீழே கனத்தும் மேலே குறைந்தும் படியும். பட்டை தரையைத் தொடும் முகடுகளும் பல்சக்கரத்தின் பற்களும் உராய்ந்து பளபளக்கும். கப்பலில் நங்கூரத் துளைக்குக் கீழே துருவின் ஒழுக்கு ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

எல்லாம் உலர்ந்ததும் மங்கல் வார்னிஷை மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள். அதற்குப் பிறகுதான் கண்ணாடி மூடியின் மாஸ்கிங்கை உரிக்க வேண்டும். முன்பே உரித்தால் கண்ணாடியும் மங்கிப்போகும். கடைசியாக ஆன்டெனா கம்பி, வழிகாட்டு விளக்குகள், டாங்கியின் முகப்பு விளக்குக் கண்ணாடி, கப்பலின் கொடிமரக் கயிறு ஆகியவற்றைப் பொருத்தி, அன்றே தூசி புகாத மூடிக்குள் வைத்துவிடுங்கள். கயிறுகளில் படிந்த தூசியை, அவற்றை அறுக்காமல் துடைத்தெடுக்க வழியே இல்லை.